ஒரு நேரம் ஆன் ஆகும், ஒரு நேரம் ஆகாது

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வரும் புகார்களில் எங்களுக்குச் சுலபமானது, 'சுத்தமாக டெட்' என்று வருவதுதான். பழுது ஒரே இடத்தில் நிற்கும். மீட்டரை வைத்துத் தேடினால் அகப்பட்டுவிடும். கஷ்டமானது வேறு. "ஒரு நேரம் ஆன் ஆகுதுங்க, ஒரு நேரம் ஆக மாட்டேங்குதுங்க" என்று சொல்லி மேசைமேல் வைக்கப்படும் சி.பி.யு.தான் மெக்கானிக்கின் பொறுமையையும் நாணயத்தையும் ஒருசேரச் சோதிக்கும். கடையில் பட்டனை அமுக்கிய உடனே ஓடும். நாள் முழுக்க ஓடும். திரும்பக் கொண்டுபோய் வைத்தால் மறுநாள் காலையில் மறுபடியும் சண்டித்தனம் செய்யும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே தொழில் செய்கிறவன் நான். டேலி ஓடுகிற சிஸ்டம், பேட்டர்ன் போடுகிற சிஸ்டம், பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற சிஸ்டம் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நேரத்தில் பில் அடிக்கும் சிஸ்டம் ஆன் ஆகவில்லையென்றால் கம்பெனியில் எல்லோர் முகமும் மாறிவிடும். அந்த அவசரத்தில்தான் "மதர்போர்டு போச்சுங்க, மாத்திடலாம்" என்ற பேச்சு சுலபமாக வந்து விழுகிறது. இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்துவிட்டு நான் உறுதியாகச் சொல்வேன்: விட்டு விட்டு ஆன் ஆகும் சிஸ்டங்களில் மதர்போர்டையே மாற்றியாக வேண்டியவை கொஞ்சம்தான். மற்றவற்றில் காரணம் சின்னது, செலவும் சின்னது. அதைத் தேடிப் பிடிக்கும் நேரம்தான் பெரியது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் டி.வி.யும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். சி.பி.யு. வந்து இறங்கியதும் பையன்கள் நாங்கள் ஸ்குரூ டிரைவரை எடுப்போம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கொண்டுவந்தவரை முதலில் உட்கார வைப்பார். பிறகுதான் விசாரணை.

"காலைல மட்டும் இப்படியா, எந்நேரமுமா?"

"ராத்திரி போறப்ப சிஸ்டத்த மட்டும் ஷட் டவுன் பண்றீங்களா, சுவத்து ஸ்விட்சையும் அணைச்சுட்டுப் போறீங்களா?"

"ஆன் ஆகலைன்னா எப்படி? பேன் சுத்தவே இல்லையா? சுத்திட்டு நின்னுருதா? பேன் சுத்தியும் ஸ்கிரீன் மட்டும் வரலையா?"

இந்தக் கேள்விகள் வெறும் பேச்சல்ல. ஒவ்வொரு பதிலும் பழுது இருக்கும் இடத்தின் எல்லையைச் சுருக்கிக்கொண்டே வரும். எப்படி என்று விளங்க, பட்டனை அமுக்கியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஏ.டி. வகை கேபினெட்டில் முன்பக்க ஸ்விட்சு நேரடியாக 230 வோல்ட்டையே திறந்து மூடியது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு அதை மாற்றியது. இன்று நாம் அமுக்கும் பட்டன் மின்சாரத்தைத் திறப்பதில்லை; மதர்போர்டில் இரண்டு பின்களை ஒரு கணம் இணைத்து ஒரு சைகை காட்டுகிறது, அவ்வளவுதான். சைகையைக் கவனிக்க யாராவது விழித்திருக்க வேண்டுமல்லவா? கம்பெனி பூட்டிய பிறகும் கேட்டில் விழித்திருக்கும் வாட்ச்மேன் போல, பவர் சப்ளைப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் காத்திருக்கும். சுவரில் ஸ்விட்சு போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் 'ஆஃப்' ஆக இருக்கும்போதும் அது இருக்கும். ஸ்டேண்ட்பை வோல்ட் என்போம். பட்டனை அமுக்கியதும் போர்டு பச்சை வயரை எர்த் மட்டத்துக்கு இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். விழித்து மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட்டை எழுப்பும். எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு சாம்பல் வயரில் 'பவர் குட்' என்று சொல்லும். அதற்கு 100 முதல் 500 மில்லி செகண்ட் ஆகும். அதைக் கேட்ட பிறகுதான் பிராசசர் முதல் அடி எடுத்து வைக்கும்.

ஆகவே பேன் அசையவே இல்லையென்றால் பிளக், ஸ்டேண்ட்பை, பட்டன் இந்த மூன்றில் தேட வேண்டும். சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், அல்லது சூடு, அல்லது பட்டனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்து ஸ்கிரீன் வராவிட்டால் ரேம் பக்கம் போக வேண்டும். கேபினெட்டைத் திறக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும்.

ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் பெண் கொண்டுவந்த சிஸ்டம் நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணா, காலைல நாலஞ்சு தடவ அமுக்கினாத்தான் வருதுங்க. வந்துட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றது. வேறொரு கடையில் ரேம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள், விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேனே சுற்றாத சிஸ்டத்துக்கு விண்டோஸ் என்ன செய்யும்? அண்ணன் தன் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "ராத்திரி மெயினையே ஆஃப் பண்ணிட்டுப் போகோணும்னு ஓனர் சொல்லியிருக்காருங்க" என்றது. "அப்பச் சரி அம்மணி, ஒரு ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்று வாங்கி, பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். மார்கழி மாதம். எங்களை அதைத் தொடவே விடவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை ஊதா வயரிலும், கனெக்டரின் பின்பக்கமாகச் செருகினோம். கனெக்டர் போர்டில் மாட்டியபடியே இருக்க வேண்டும். கழற்றி அளந்தால் சுமை இல்லாததால் சாகக் கிடக்கும் எஸ்.எம்.பி.எஸ்.கூட நல்ல எண்ணைக் காட்டும். பிளக்கைப் போட்டதும் 5 வோல்ட் காட்டியது. பட்டனை அமுக்கியபோது எண் சரிந்து 4.4 வரை போய் மறுபடி மேலே வந்தது. பேன் அசையவில்லை. இந்த வயரில் 4.75க்குக் கீழே போகக் கூடாது. அண்ணன் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காற்றுத் துளை வழியாக ஹேர் டிரையரை மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் காட்டினார். மறுபடி அமுக்கினார். முதல் அமுக்கிலேயே ஓடியது.

எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் மெல்ல வற்றும். வற்றியது குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும். சூடு ஏறினால் கொஞ்சம் தெம்பு வரும். ஸ்டேண்ட்பை சர்க்யூட்டில், சூடான ஹீட் சிங்குக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பல எஸ்.எம்.பி.எஸ்.களில் முதலில் வற்றுவது அதுதான். இரவில் பிளக்கோடு அணைத்தால் முழுதாக ஆறிவிடும். காலையில் நாலைந்து தடவை தட்டுத் தடுமாறி எழும். அணைக்காமல் விடுகிறவர்களுக்குப் பழுது இருப்பதே தெரியாது. என்றாவது நீண்ட நேரம் கரண்ட் போய் வந்தால்தான் தெரியும். சில டிசைன்களில் இதே கெப்பாசிட்டர் வற்றினால் வோல்ட் இறங்குவதற்குப் பதில் ஏறிவிடும். அப்போது போர்டையும் சேர்த்து எரித்துவிடும். 'நாலு தடவ அமுக்கினா வருதுல்ல, இருக்கட்டும்' என்று விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்தப் பெண்ணின் சிஸ்டத்துக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று மாற்றினோம். மதர்போர்டு அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது.

கெப்பாசிட்டர் என்றால் பென்டியம் 4 காலத்துப் போர்டுகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2000களின் முதல் பாதியில், உள்ளே ஊற்றிய திரவக் கலவை சரியில்லாத கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறிவிட்டன. உள்ளே வாயு உண்டாகி, கூட்டல் குறி போலக் கீறியிருக்கும் அதன் தலை உப்பும். பிறகு பிளந்து பழுப்பு நிறத்தில் கசியும். பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்பவற்றில் இரண்டு மூன்று உப்பினாலே போதும், சிஸ்டம் ஒரு நாள் ஓடும், மறுநாள் மறுக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து 105 டிகிரி வகைக் கெப்பாசிட்டர்களை வாங்கி வரச் சொல்லி நாங்களே மாற்றுவோம். மதர்போர்டு பல அடுக்கு கொண்டது. எர்த் பக்கத்துக் காலில் அயனை வைத்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் இளகாது. அவசரப்பட்டுப் பிடுங்கினால் துளையின் உட்சுவரே கையோடு வந்துவிடும். புது ஈயத்தைக் கொஞ்சம் சேர்த்து, ஒரு காலைச் சூடாக்கி ஒரு பக்கம் சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி மறுபக்கம் சாய்த்து, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். துளையில் மிஞ்சிய ஈயத்தைச் சூட்டோடு ஊசியால் திறக்க வேண்டும். மைனஸ் கோடு இருக்கும் பக்கத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் புதியதை இறக்க வேண்டும். பிறகு திட நிலைக் கெப்பாசிட்டர் போட்ட போர்டுகள் பரவலாக வந்தன; போர்டில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ்.களுக்குள் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

பட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிஸ்டம் ஆன் ஆகும், பேன் சுற்றும், சரியாக நாலு செகண்டில் அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதே நாலு செகண்ட். சூட்டாலோ ஷார்ட்டாலோ அணைவது இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பவர் பட்டனை நாலு செகண்ட் அமுக்கிப் பிடித்தால் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது போர்டின் விதி. முன்பக்கப் பட்டன் பஞ்சும் அழுக்கும் அடைத்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால், யாரோ அதை அமுக்கிப் பிடித்திருப்பதாகவே போர்டு நினைக்கும். பட்டன் வயரைப் போர்டில் இருந்து கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு தொடு தொட்டு எடுத்தால் போதும். சிஸ்டம் நிற்காமல் ஓடினால் குற்றவாளி பட்டன்தான். வேறு பட்டன் கிடைக்கும் வரை ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் மாட்டிக் கொடுத்துவிடுவோம். மதர்போர்டு போச்சு என்று தீர்ப்புச் சொல்லப்பட்டு என்னிடம் வந்த சிஸ்டங்களில் இப்படிப் பட்டனால் ஆனவையும் உண்டு.

பஞ்சு எங்கள் ஊரின் வாழ்வு. கம்ப்யூட்டருக்கு அதுதான் சத்துரு. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்தில் வைத்த சிஸ்டத்தைத் திறந்தால் பிராசசர் பேனுக்குக் கீழே ஹீட் சிங்க் தெரியாது. வெள்ளைத் துணி விரித்தது போல ஒரு படலம்தான் தெரியும். காற்று இறங்காது. ஆன் ஆன கொஞ்ச நேரத்தில் பிராசசர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள அணைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்தப் பஞ்சு ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ரேமின் தங்க நிறக் கால்களில் கறை படியும். பேன் சுற்றும், ஸ்கிரீன் வராது, நீளமாக ஒரு பீப் மறுபடி மறுபடி கேட்கும். ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் என்று பூட்டும்படி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புளோயர் அடிக்கும்போது பேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றவிட்டால் பேனின் பேரிங் கெடும்.

சில சிஸ்டங்களில் பழுது சிஸ்டத்திலேயே இருக்காது. "ஏனுங்க, உங்க கடைல ஓடுது, எங்க கம்பெனில ஓட மாட்டேங்குது, இதென்னங்க கணக்கு?" என்று ஒரு ஓனர் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்வி. நேரில் போய்ப் பார்த்தேன். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. டெஸ்டர் எரிவது கரண்ட் வந்திருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி; சுமை வைத்தால் தாங்கும் என்பதற்குச் சாட்சி அல்ல. மீட்டரைச் செருகிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். 225 காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று 170க்கு இறங்கியது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் அயர்ன் டேபிள். அயர்ன் பாக்ஸ் சூடு வாங்கும்போதெல்லாம் இந்த லைன் இறங்குகிறது. 180க்குக் கீழே எஸ்.எம்.பி.எஸ். எழும் என்று உத்தரவாதம் கிடையாது. எலக்ட்ரீஷியனை வைத்து லைனைத் தேடினோம். ஜங்ஷன் பாக்ஸுக்குள் நியூட்ரல் வயர் லூசாகி, கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டிப் புதிதாக முறுக்கிக் கட்டி, அயர்னுக்குத் தனி லைன் இழுத்ததோடு தொல்லை தீர்ந்தது. கம்ப்யூட்டரில் நான் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கறுத்த ஜாயின்ட்டை அப்படியே விட்டிருந்தால் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் தீப்பிடித்திருக்கும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். அதன்பிறகு, 'இங்கே ஓடுகிறது, அங்கே ஓடவில்லை' என்று யார் சொன்னாலும் பவர் கார்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பென் டிரைவ், ஸ்கேனர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குகிறேன். முன்பக்க யு.எஸ்.பி. துளைக்குள் ஒரு பின் வளைந்து தகரத்தைத் தொட்டாலும் சில சிஸ்டங்கள் எழ மாட்டா.

2008இல் தொடங்கி 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டுக் காலம் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம். சென்னைக்கு வெளியே இருந்த எங்களைப் போன்ற ஊர்களில் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. "யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போறப்ப சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிருதுங்க" என்று தினமும் யாராவது வருவார்கள். பேட்டரியை மாற்றியிருப்பார்கள், யு.பி.எஸ்.ஸையே மாற்றியிருப்பார்கள், குறை தீர்ந்திருக்காது. மெயின் கரண்ட் போய் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சுமார் 10 மில்லி செகண்ட் வரை ஆகும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ். தன் பெரிய கெப்பாசிட்டர்களில் சேமித்ததை வைத்துத் தாண்ட வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16 மில்லி செகண்ட் தாக்குப் பிடிக்கும். கெப்பாசிட்டர் வற்றியது 10ஐக்கூடத் தாங்காது. பேட்டரிக்குக் கொட்டிய பணம் அத்தனையும் வீண். பழுது யு.பி.எஸ்.ஸில் இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.ஸில்.

கேபினெட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தே வரும் புகார். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சமாகக் கசியும் கரண்ட்டை எர்த் வயர் வழியாக அனுப்பிவிடும். எர்த் இல்லாத பிளக்கில் அதற்குப் போக வழியில்லை. கேபினெட்டிலேயே மெயினின் பாதி அளவு, அதாவது 115 வோல்ட் அளவு, நிற்கும். கரண்ட் மிகச் சிறியது என்பதால் விரலில் சுருக்கென்று தைப்பதோடு போய்விடும். ஆனால் அதே நிலையில் பிரின்டர் கேபிளையோ மானிட்டர் கேபிளையோ செருகினால் அந்த வோல்ட் போர்ட்டுகள் வழியாகப் பாயும். போர்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது இப்படித்தான். மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை வெட்டி இரண்டு பின் சாக்கெட்டில் செருகும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பழகும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ரேமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பேட்டரியையும் ஒன்றாக மாற்றிச் சிஸ்டம் ஓடினால், எது பழுது என்று உனக்கும் தெரியாது, காசு கொடுக்கிறவருக்கும் தெரியாது. சுவரில் தொடங்கி உள்ளே வா, மதர்போர்டு கடைசி. ஓடிவிட்டது என்று உடனே கொடுத்து அனுப்பாதே. காலையில் வராத சிஸ்டத்தை ஒரு ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்து, காலையில் நீயே முதல் ஆளாக அமுக்கிப் பார். கழற்றிய பார்ட்டைக் குப்பையில் போடாதே, கொண்டுவந்தவர் கையில் கொடுத்துக் காரணத்தைச் சொல். உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் சொல்லும் கடமை நமக்கு.

சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆன் ஆகாதபோது விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். எந்நேரம், கரண்ட் போய் வந்த பிறகா, பேன் சுற்றியதா, எத்தனை செகண்டில் நின்றது, பீப் கேட்டதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள் எங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 325 வோல்ட் டி.சி. இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும், உயிரை வாங்கும். மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் உட்பட, எதை அளந்து பார்த்தீர்கள், என்ன எண் வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.